சுகருக்கும் செல் வயசாகறதுக்கும் என்ன சம்பந்தம்? ஸாம்பி செல் செய்திகளுக்குப் பின்னாடி இருக்கற சயின்ஸ்

ஹெல்த் நியூஸ்ல மூணு விஷயம் மாறி மாறி வந்துக்கிட்டே இருக்கு. வயசான செல்களை அழிச்சா சுகர் குறையுதுன்னு ஒண்ணு, மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை சாப்பிட்டா வயசே ஏறாதுன்னு ஒண்ணு, ரத்தம் குடுங்க உங்க "உண்மையான வயசு" என்னன்னு சொல்றோம்னு லேப் விளம்பரம் ஒண்ணு. மூணும் ஒரே ஆராய்ச்சி வட்டாரத்துல இருந்து கிளம்பினது தான், மூணுலயும் கொஞ்சம் உண்மையும் இருக்கு, ஆனா எலியில நடந்தது எது மனுஷங்கள்ல நடந்தது எதுன்னு பிரிக்காம தலைப்பு போடறதால, வீட்ல சுகர் மாத்திரை சாப்பிடறவங்க இதுல எதை நம்பறதுன்னு தெரியாம நிக்கறாங்க.

விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். செல்லுக்கு வயசாகறது சுகர் வர்றதுக்கு வழி பண்ணுது, வந்த சுகர் திரும்ப செல்லுக்கு வயசை ஏத்துது. ரெண்டு பக்கமும் நடக்குது, ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளிவிட்டுக்கிட்டே போகுது. இதுல எங்க கை வைக்கலாம்ங்கறது ஒரு கேள்வி, எத்தனாவது வருஷத்துல கை வைக்கறோம்ங்கறது அதைவிட பெரிய கேள்வி, செய்திகள்ல அந்த ரெண்டாவது கேள்வி தான் காணாம போயிடுது.

செல்லுக்கு வயசாகறதுன்னா என்ன

1961 வரைக்கும் விஞ்ஞானிகள் நம்பிக்கிட்டு இருந்தது என்னன்னா, ஒரு செல்லை உடம்புல இருந்து எடுத்து டிஷ்ல போட்டு நல்லா ஊட்டம் குடுத்தா அது பிரிஞ்சுக்கிட்டே இருக்கும், சாவே கிடையாதுன்னு. நோபல் வாங்கின அலெக்ஸிஸ் கேரல் கோழியோட இதயத்துல இருந்து எடுத்த செல்லை வருஷக்கணக்கா வளர்த்துக் காட்டினதா சொன்னதால யாரும் கேள்வி கேக்கல. ஃபிலடெல்ஃபியாவுல விஸ்டார் இன்ஸ்டிட்யூட்ல லெனர்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட்னு ரெண்டு பேரு மனுஷ செல்லை வளர்த்துப் பார்த்தப்போ அது சுமார் 40ல இருந்து 60 தடவை பிரிஞ்சுட்டு நின்னு போச்சு. சாகல, நின்னு போச்சு. இதைத் தான் ஹேஃப்ளிக் எல்லைன்னு சொல்றாங்க, இப்படி நிரந்தரமா பிரியறதை நிறுத்திட்டு உயிரோட இருக்கற நிலைமைக்குப் பேரு செனசன்ஸ், அந்த நிலைமைல இருக்கறது செனசன்ட் செல்.

ஏன் நிக்குதுன்னா பல காரணம் இருக்கு:

1. டெலோமியர் தேய்மானம். குரோமோசோமோட ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வர்ற ஒரு பகுதி இருக்கு, அது டெலோமியர். ஒவ்வொரு தடவை செல் பிரியும்போதும் அதுல கொஞ்சம் குறையும். ரொம்ப குட்டையாயிட்டா செல் அதை "டிஎன்ஏ உடைஞ்சிருக்கு"ன்னு எடுத்துக்கிட்டு பிரியறதை நிறுத்திடும். டெலோமியர் குரோமோசோமை எப்படி காப்பாத்துது, டெலோமரேஸ்ங்கற என்சைம் அதை எப்படி நீட்டுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூணு பேருக்கும் 2009ல நோபல் கிடைச்சுது.

2. பிரியாமலே வர்ற முதுமை. டெலோமியர் நீளமா இருந்தாலும் டிஎன்ஏ அடி வாங்கினா, செல்லுக்கு ஆற்றல் குடுக்கற மைட்டோகாண்ட்ரியா கெட்டா, கேன்சர் ஜீன் முழிச்சுக்கிட்டா, செல்லைச் சுத்தி எப்பவும் வீக்கமும் (இன்ஃப்ளமேஷன்) சர்க்கரையும் அதிகமா இருந்தா கூட செல் இந்த நிலைமைக்குப் போயிடும். சுகர் விஷயத்துல இந்த வழி தான் ரொம்ப முக்கியம், அதனால டெலோமியரை மட்டும் வச்சு எழுதற கட்டுரைங்க பாதி கதையைத் தான் சொல்லுது.

3. பிரேக் போடற புரதங்கள். பி53, பி21, பி16னு இருக்கற புரதங்கள் தான் செல் பிரியறதை நிறுத்தறது. இதுல பி16 வயசாக ஆக உடம்பு பூரா கூடிக்கிட்டே போகும், அதனால ஆராய்ச்சியில வயசான செல்லை அடையாளம் காண அதைத் தான் அதிகமா பார்ப்பாங்க.

இந்த பிரேக் கெட்டது இல்ல. அடி வாங்கின செல் பிரிஞ்சுக்கிட்டே போனா அது கேன்சர், அதைத் தடுக்கத் தான் இந்த ஏற்பாடு. காயம் ஆறும்போதும் கொஞ்ச நாளைக்கு செனசன்ட் செல்கள் வந்து உதவி பண்ணிட்டு போகும், கரு வளரும்போதும் வேலை இருக்கு. வேலை முடிஞ்சதும் உடம்போட எதிர்ப்பு சக்தி செல்கள் வந்து இதுங்களை அப்புறப்படுத்திடும். வயசு ஏற ஏற அந்த துப்புரவு வேலை மந்தமாகுது, செனசன்ட் செல்கள் தேங்க ஆரம்பிக்குது, பிரச்சினை அங்க தான்.

தேங்கினா என்ன ஆகும்? அது சும்மா இருக்காது. ரிட்டையர் ஆனதுக்கப்புறமும் தினம் ஆபீசுக்கு வந்து உக்காந்துக்கிட்டு, வேலையும் பார்க்காம, இருக்கறவங்களையும் வேலை பார்க்க விடாம நச்சரிக்கற ஆள் மாதிரி. இந்த செல்கள் வீக்கத்தைக் கிளப்பற ரசாயனங்களை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், இன்டர்லூக்கின் 6 மாதிரி சிக்னல்கள், பக்கத்துல இருக்கற இணைப்புத் திசுவை அரிக்கற என்சைம்கள், ரத்தம் உறையறதைக் கூட்டற பொருட்கள்னு ஒரு கலவை. ஜூடித் கம்பீசியோட குழு 2008ல இதை விவரமா எழுதினாங்க, இதோட பேரு சாஸ்ப். இந்த கலவை படற பக்கத்து செல்லும் செனசன்ட் ஆகலாம்ங்கறதால தான் பத்திரிகைல "ஸாம்பி செல்"னு பேரு வச்சாங்க, கொஞ்சம் சினிமாத்தனமா இருந்தாலும் நடக்கறது கிட்டத்தட்ட அது தான்.

சுகர்ல எது கெடுது

இது பெரும்பாலும் தெரிஞ்ச விஷயம் தான், வேகமா பார்த்துடலாம். டைப் 2 சுகர்ல ரெண்டு கோளாறு சேர்ந்து வரும். ஒண்ணு இன்சுலின் ரெசிஸ்டன்ஸ், அதாவது இன்சுலின் இருந்தும் தசையும் கல்லீரலும் கொழுப்பும் அது சொல்றதைக் கேக்காது. ரெண்டு, கணையத்துல இன்சுலின் சுரக்கற பீட்டா செல்கள் ஈடு குடுக்க முடியாம தோத்துப் போறது. முதல் கோளாறு மட்டும் இருந்தா கணையம் ரெண்டு மடங்கு மூணு மடங்கு இன்சுலின் விட்டு சமாளிச்சுடும், ரிப்போர்ட்ல சுகர் நார்மலா தான் காட்டும். ரெண்டாவதும் சேரும்போது தான் ஃபாஸ்டிங் 126ஐத் தாண்டும், ஹெச்பிஏ1சி (சுமார் மூணு மாச சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட்) 6.5ஐத் தொடும். அப்போ இன்னிக்கு "புதுசா சுகர் வந்துருக்கு"ன்னு ரிப்போர்ட் வாங்கறவருக்கு உள்ள வருஷக்கணக்கா வேலை நடந்து முடிஞ்சிருக்கு.

முதல் திசை: வயசான செல் எப்படி சுகரைக் கொண்டு வருது

கொழுப்புல இருந்து ஆரம்பிக்கணும், ஏன்னா கதை பெரும்பாலும் அங்க தான் ஆரம்பிக்குது. கொழுப்புத் திசுன்னா சும்மா கிடக்கற மூட்டைன்னு நினைக்கறோம், உண்மையில அது ஒரு பாதுகாப்பான கிடங்கு. சாப்பிட்டதுல மிஞ்சினதை தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு செல்லுக்குள்ள பத்திரமா வச்சுட்டா பெரிய தொந்தரவு இல்ல. கிடங்குல இடம் பத்தலைன்னா புது கொழுப்பு செல் உருவாகணும், அதை உருவாக்கற முன்னோடி செல்கள் அங்கயே இருக்கு. இந்த முன்னோடி செல்கள் செனசன்ட் ஆயிட்டா:

1. புது கொழுப்பு செல் உருவாகாது, இருக்கற செல்லே ஊதிப் பெருசாகும்.
2. அதுக்கும் மேல வர்ற கொழுப்பு வழிஞ்சு கல்லீரலுக்கும் தசைக்கும் கணையத்துக்கும் போகும், இருக்கவே கூடாத இடத்துல கொழுப்பு சேர்றது தான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸோட பெரிய காரணம்.
3. சாஸ்ப் கலவை மேக்ரோஃபேஜ்ங்கற எதிர்ப்பு சக்தி செல்களை அங்க கூப்பிட்டு வரும், திசு முழுக்க லேசான வீக்கம் நிரந்தரமா இருக்கும், அந்த வீக்கச் சிக்னல்களே இன்சுலினோட வேலையைத் தடுக்கும்.

2009ல ஜப்பான்ல டோரு மினாமினோ குழு எலிகளோட கொழுப்புத் திசுவுல பி53 பிரேக்கை நிறுத்தினா இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் குறையுதுன்னு காட்டினாங்க. 2021ல ஸ்வீடன்ல கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட் குழு மனுஷங்களோட கொழுப்பையே எடுத்துப் பார்த்து இன்னொண்ணு சொன்னாங்க: இனிமே பிரியவே பிரியாதுன்னு நாம நினைச்ச முதிர்ந்த கொழுப்பு செல்கள் கூட, ரத்தத்துல இன்சுலின் எப்பவும் அதிகமா இருந்தா பிரியறதுக்குத் தயாராகற மாதிரி ஆரம்பிச்சு, பிரிய முடியாம, கடைசியில செனசன்ட் ஆகுது. கவனிங்க, இன்னும் சுகரே ஏறல, இன்சுலின் மட்டும் தான் ஏறியிருக்கு, அதுவே போதுமா இருக்கு.

இந்தியர்களுக்கு இது ஏன் கூடுதல் கவலைன்னா, நம்ம உடம்புவாகு. புனேல டாக்டர் யாஜ்னிக் லண்டன்ல ஜான் யட்கினோட சேர்ந்து 2004ல லான்செட் மருத்துவ இதழ்ல போட்ட ஒரு பக்க கட்டுரை பிரபலம். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு) ஒண்ணு தான், 22.3, ஆனா யட்கினுக்கு உடம்புக் கொழுப்பு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. பார்க்க ஒல்லி, உள்ள கொழுப்பு. தோலுக்கு அடியில கிடங்கு சின்னதா இருக்கறவங்களுக்கு அது சீக்கிரம் நிரம்பி வழியும், அதனால நம்ம ஊர்ல சுகர் வெள்ளைக்காரங்களை விட சுமார் பத்து வருஷம் முன்னாடியே வருது, "குண்டா இல்லையே எனக்கு எப்படி வந்துச்சு"ன்னு கேக்கறவங்களும் இங்க தான் அதிகம்.

அடுத்தது பீட்டா செல். இதுல ஒரு விசேஷம், மனுஷனுக்கு பீட்டா செல் பெரும்பாலும் சின்ன வயசுல உருவாகறதோட சரி, இருபது முப்பது வயசுக்கு மேல புதுசா ரொம்ப கம்மியா தான் உருவாகுது. அதாவது அறுபது வயசுக்காரரோட கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்லுங்க பெரும்பாலும் முப்பது வருஷத்துக்கு மேல பழசு. அப்படிப்பட்ட செல்கிட்ட ஓவர்டைம் வேலை வாங்கினா என்ன ஆகும்ங்கறதை பாஸ்டன்ல ஜாஸ்லின் டயபடிஸ் சென்டர் குழு 2019ல எலியில பார்த்தாங்க. இன்சுலின் வேலை செய்யாம தடுக்கற மருந்தைக் குடுத்து செயற்கையா இன்சுலின் ரெசிஸ்டன்ஸை உண்டாக்கினா, பீட்டா செல்கள் வழக்கத்தை விட வேகமா செனசன்ட் ஆச்சு. அந்த செல்களை அழிச்சப்போ மிச்சம் இருந்த பீட்டா செல்கள் தங்களோட அடையாள ஜீன்களை மறுபடி இயக்க ஆரம்பிச்சு, சுகரும் குறைஞ்சுது. நீங்க படிச்ச தலைப்புங்க நிறையவும் இந்த மாதிரி வேலையில இருந்து கிளம்பினது.

இதோட பொருந்தற மாதிரி ஜீன் பக்கமும் ஒண்ணு இருக்கு. 2007ல பல நாட்டு குழுக்கள் ஆயிரக்கணக்கான பேரோட ஜீனை அலசினப்போ டைப் 2 சுகரோட சம்பந்தப்பட்ட இடங்கள்ல ஒண்ணா 9ஆவது குரோமோசோம்ல ஒரு பகுதி வந்துச்சு, அந்த பகுதியில தான் பி16 புரதத்துக்கான ஜீனும் உக்காந்திருக்கு. தற்செயலா இருக்கலாம்னு சொல்லி ஒதுக்கிட முடியாத பொருத்தம்.

ஆனா எல்லாமே ஒரே பக்கம் சாயல. 2016ல ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக குழு பி16 முடுக்கிவிட்ட பீட்டா செல்கள் இன்சுலினைக் குறைவா இல்ல, அதிகமா சுரக்குதுன்னு காட்டினாங்க. வயசான பீட்டா செல்னா உடனே உபயோகமில்லாத செல்னு எழுதிட முடியாது, குறைஞ்சபட்சம் ஆரம்பத்துல. இந்த முரண் இன்னும் முழுசா தீரல, அழிக்கறது தான் வழின்னு அடிச்சு சொல்ற கட்டுரைகள் இதைத் தொடறதே இல்ல.

தசையைப் பத்தி ஒரு வரி: 2003ல யேல் பல்கலைக்கழகத்துல ஒல்லியா ஆரோக்கியமா இருக்கற வயசானவங்களைப் பார்த்ததுல, தசை மைட்டோகாண்ட்ரியாவோட ஆற்றல் உற்பத்தி இளவட்டங்களை விட சுமார் 40% குறைவு, தசையில கொழுப்பும் கூட, இன்சுலின் கேக்கற தன்மையும் குறைவு. எடை ஏறாமலே வயசு மட்டும் ஏறினாலும் சுகர் பக்கம் நகர்றோம்ங்கறதுக்கு இது நல்ல சாட்சி.

எதிர்த் திசை: சுகர் எப்படி செல்லுக்கு வயசை ஏத்துது

ரத்தத்துல சர்க்கரை அதிகமா இருந்தா எல்லா செல்லும் சமமா அடி வாங்கறதில்ல. தசை செல் கதவைச் சாத்திக்கும். ரத்தக்குழாயோட உள்சுவர் செல், சிறுநீரகத்தோட வடிகட்டி செல், கண் விழித்திரை செல், நரம்பு இதுங்களுக்கு அந்த கதவு சரியா சாத்தத் தெரியாது, வெளிய எவ்வளவு சர்க்கரையோ உள்ளயும் அவ்வளவு ஏறும். சுகர் ஏன் குறிப்பா கண்ணு, கிட்னி, காலுன்னு போய் அடிக்குதுங்கறதுக்கு விடை இதுல தான் பெரும்பகுதி இருக்கு.

1. உள்ள வந்த சர்க்கரையை எரிக்கும்போது மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜன் ரேடிக்கல்களை அதிகமா கக்குது, அது டிஎன்ஏவை உடைக்குது, டெலோமியர் பகுதி இதுக்கு ரொம்பவே பலவீனமான இடம். மைக்கேல் பிரவுன்லீ 2001ல சுகரால வர்ற எல்லா பாதிப்புக்கும் பொதுவான ஆரம்பம் இது தான்னு ஒரு விளக்கம் குடுத்தாரு.

2. சர்க்கரை புரதங்கள் மேல ஒட்டிக்கும். ஹீமோகுளோபின்ல ஒட்டினதைத் தான் ஹெச்பிஏ1சின்னு அளக்கறோம். சிவப்பணு சுமார் 120 நாள்ல போயிடும், அதோட ஒட்டினதும் போயிடும். ஆனா ரத்தக்குழாய் சுவர்ல, தோல்ல, கண் லென்ஸ்ல இருக்கற நீண்ட ஆயுள் புரதங்கள்ல ஒட்டினது வருஷக்கணக்கா இருந்து முத்திப்போய் ஏஜ்ங்கற (AGE, இது ஒரு சுருக்கப் பேரு, வயசுன்னு அர்த்தம் இல்ல) கூட்டுப்பொருளா மாறி, சுத்தி இருக்கற செல்லுக்கு எப்பவும் வீக்கச் சிக்னல் குடுத்துக்கிட்டே இருக்கும்.

3. இதுல சில செல்கள் செனசன்ட் ஆகும், அது சாஸ்ப் விடும், அது இன்சுலின் ரெசிஸ்டன்ஸைக் கூட்டும், சுகர் இன்னும் ஏறும். சுத்து இங்க முழுசாகுது.

சென்னையில மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் குழு 2005லயே டைப் 2 சுகர் இருக்கறவங்களோட வெள்ளையணுக்கள்ல டெலோமியர் குட்டையா இருக்குன்னு பிரசுரிச்சாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு, சுகருக்கு முந்தின நிலைமையில இருக்கறவங்களுக்கே அது குட்டையா இருக்குன்னும், சுகரோட ரத்தக்குழாய் அடைப்பும் சேர்ந்து இருக்கறவங்களுக்கு இன்னும் குட்டைன்னும் சொன்னாங்க. இதை வச்சு "டெலோமியர் குட்டையானதால சுகர் வந்துச்சு"ன்னு எழுதறது தப்பு. ஒரே நேரத்துல ரெண்டையும் அளந்தா எது முன்ன எது பின்னன்னு தெரியாது. அதோட டெலோமியர் நீளமா இருக்கறதும் எப்பவும் நல்லது கிடையாது, நீளமா இருக்கற ஜீன் அமைப்பு உள்ளவங்களுக்கு சில வகை கேன்சர் ஆபத்து கூடுது.

ஆறாத கால் புண்ணும் இந்த கணக்குல தான் வருது. சாதாரண காயத்துல செனசன்ட் செல்கள் வந்து உதவிட்டு போயிடும்னு மேல சொன்னேன்ல, சுகர்காரங்க புண்ணுல அதுங்க போகாம தங்கிடுது, வீக்கம் அடங்காது, புண்ணு ஆறற அடுத்த கட்டத்துக்கே போகாது. நரம்பு மரத்துப் போறதும் ரத்த ஓட்டம் குறையறதும் கிருமியும் இதோட சேருது.

ஆரம்ப வருஷங்கள் ஏன் இவ்வளவு முக்கியம்

இந்த கட்டுரைல ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்கறதா இருந்தா இதைப் படிங்க. இங்கிலாந்துல யுகேபிடிஎஸ்னு ஒரு பெரிய ஆய்வு, 1977ல ஆரம்பிச்சு 1997ல முடிஞ்சுது. புதுசா சுகர் கண்டுபிடிச்சவங்களை ரெண்டா பிரிச்சு ஒரு பகுதிக்கு கண்டிப்பான கட்டுப்பாடு, இன்னொரு பகுதிக்கு அந்த காலத்து வழக்கமான சிகிச்சை. ஹெச்பிஏ1சி சராசரி முதல் பகுதிக்கு 7.0, ரெண்டாவதுக்கு 7.9. ஆய்வு முடிஞ்சதும் எல்லாரும் அவங்கவங்க டாக்டர்கிட்ட போயிட்டாங்க, ஒரே வருஷத்துல ரெண்டு குழுவுக்கும் ஹெச்பிஏ1சி வித்தியாசம் இல்லாம போச்சு. ஆனா பத்து வருஷம் கழிச்சு 2008ல பார்த்தா, ஆரம்பத்துல மாத்திரையோ இன்சுலினோ வச்சு கண்டிப்பா இருந்த குழுவுக்கு கண், கிட்னி பாதிப்பு 24% குறைவு, மாரடைப்பு 15% குறைவு, மொத்த சாவு 13% குறைவு. சுகர் அளவு ஒண்ணாகி பத்து வருஷம் ஆச்சு, உடம்பு மட்டும் பழசை மறக்கல.

டைப் 1 சுகர்ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 1,441 பேரை வச்சு 1983ல இருந்து 1993 வரைக்கும் நடந்த டிசிசிடி ஆய்வுலயும் அதே கதை தான், ஆய்வு முடிஞ்சு அளவுகள் ஒண்ணா ஆனதுக்கப்புறமும், ஆரம்பத்துல கண்டிப்பா இருந்த குழுவுக்கு பாதுகாப்பு தொடர்ந்துச்சு. இதை மெட்டபாலிக் மெமரின்னு சொல்றாங்க.

ஏன் மறக்கலங்கறதுக்கு பல விளக்கம் ஓடுது. முத்திப்போன ஏஜ் பொருட்கள் ஒண்ணு, ஜீன் மேல விழற ரசாயன முத்திரைகள் ஒண்ணு. செனசன்ட் செல் இன்னொண்ணு, நிரந்தரமா நின்னு போன செல்லை சுகர் குறைஞ்சதும் திரும்ப ஓட வைக்க முடியாது, அது இருந்த இடத்துலயே இருந்து சாஸ்ப் விட்டுக்கிட்டு இருக்கும். இந்த மூணுல எது எவ்வளவு பங்குன்னு பிரிச்சுக் காட்டின ஆய்வு இல்ல, ஆனா "இப்ப தானே வந்துருக்கு, கொஞ்ச வருஷம் போகட்டும் அப்புறம் மாத்திரை எடுத்துக்கலாம்"ங்கற வழக்கமான பேச்சு எவ்வளவு விலை உள்ளதுன்னு புரிய இதுவே போதும்.

இதோட மறுபக்கமும் இருக்கு. 2017ல வெளிவந்த டைரக்ட்ங்கற பிரிட்டிஷ் ஆய்வுல, சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு சில மாசம் தினம் சுமார் 850 கலோரி மட்டும் குடுத்து எடையைக் குறைச்சப்போ 46% பேருக்கு ஒரு வருஷத்துல மாத்திரை இல்லாமலே ஹெச்பிஏ1சி சுகர் நோய்க்கான 6.5 எல்லைக்குக் கீழ வந்துச்சு. ரெண்டாவது வருஷம் அது 36% ஆச்சு. சுகர் வந்து ரொம்ப வருஷம் ஆனவங்களுக்கு இது நடக்கறது கஷ்டம், பீட்டா செல்லுல மீளக்கூடியது தீர்ந்து போயிருக்கும். (850 கலோரி டயட்டை டாக்டர் இல்லாம வீட்ல பண்ணிப் பார்க்காதீங்க, சுகர் மாத்திரையோட சேர்ந்தா லோ சுகர் ஆகி விழுந்துடுவீங்க.)

டைப் 1ல?

டைப் 1 எதிர்ப்பு சக்தி தன் பீட்டா செல்லையே தாக்கறதால வர்றது, வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு தான் நினைச்சோம். 2019ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் ஃபிரான்சிஸ்கோ குழு, டைப் 1 வர்ற எலிகள்ல நோய் வர்றதுக்கு முன்னாடியே சில பீட்டா செல்கள் செனசன்ட் ஆகி சாஸ்ப் விடறதையும், அந்த செல்களை மட்டும் ஒரு மருந்தால எடுத்துட்டா பெரும்பாலான எலிகளுக்கு சுகர் வராததையும் காட்டினாங்க. செல்லோட முதுமைக்கும் ஆளோட வயசுக்கும் நேர் சம்பந்தம் இல்லைங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

அழிக்கற மருந்து எங்க நிக்குது

2011ல மேயோ கிளினிக்ல பி16 இருக்கற செல்லை மட்டும் தேவைப்படும்போது அழிக்கற மாதிரி ஜீன் மாத்தின எலியை உருவாக்கினாங்க, அழிச்சா முதுமைக் கோளாறுங்க தள்ளிப்போச்சு. மனுஷனுக்கு ஜீன் மாத்த முடியாதுல்ல, அதனால 2015ல மாத்திரை தேடினாங்க. கிடைச்ச ஜோடி டசாட்டினிப்பும் குவர்செட்டினும். முதலாவது ஒரு வகை ரத்தப் புத்துநோய்க்கான மருந்து, ரெண்டாவது வெங்காயத்துல எல்லாம் இருக்கற ஒரு தாவரப் பொருள். இந்த வகை மருந்துக்கு செனோலிட்டிக்னு பேரு.

மனுஷங்கள்ல சுகர் சம்பந்தமா நடந்த முக்கியமான சோதனை 2019ல வந்துச்சு. சுகரால கிட்னி பாதிச்ச 9 பேரு. ஆமா, ஒன்பது பேரு தான். மூணு நாள் மருந்து, 11 நாள் கழிச்சு கொழுப்பையும் தோலையும் எடுத்துப் பார்த்தாங்க. செனசன்ட் செல்கள் குறைஞ்சிருந்துச்சு, ரத்தத்துல சில சாஸ்ப் பொருட்களும் குறைஞ்சிருந்துச்சு. மருந்து இலக்கைத் தொடுதுங்கற அளவுல இது பெரிய செய்தி. ஆனா ஒப்பிட்டுப் பார்க்க மருந்து சாப்பிடாத குழு கிடையாது, சுகர் குறைஞ்சுதா கிட்னி தேறுச்சான்னு பார்க்கற அளவுக்கு நாளும் கிடையாது. "சுகருக்கு தீர்வு"ன்னு தலைப்பு போட இதுல ஒண்ணுமே இல்ல.

தோல்வியும் உண்டு. யூனிட்டி பயோடெக்னாலஜி கம்பெனியோட முழங்கால் செனோலிட்டிக் ஊசி 2020ல மருந்தில்லாத சும்மா ஊசிக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லாம தோத்துச்சு. அதே கம்பெனி சுகரால வர்ற விழித்திரை வீக்கத்துக்கு இன்னொரு ஊசி செஞ்சாங்க, முதல் கட்டத்துல பார்வை கொஞ்சம் தேறின மாதிரி இருந்துச்சு, 2025ல வழக்கமான அஃப்லிபெர்செப்ட் ஊசியோட ஒப்பிட்டப்போ வச்சிருந்த முதன்மை இலக்கைத் தொடல.

இன்னொரு தடங்கல், எந்த செனசன்ட் செல்லை அழிக்கறோம்ங்கறது. 2020ல எலியோட கல்லீரல் ரத்தக்குழாய்ல இருக்கற பி16 செல்களை அழிச்சப்போ அந்த இடத்தை நிரப்ப புது செல் வரல, தழும்பு தான் வந்துச்சு. எல்லாத்தையும் துடைச்சு எடுக்கறது ஆபத்து.

நடுவுல வெங்காயக் கணக்கையும் முடிச்சுடலாம். சோதனையில குடுத்தது தினம் 1,000 மில்லிகிராம் குவர்செட்டின். அதை வெங்காயத்துல எடுக்கணும்னா மூணு நாலு கிலோ தின்னணும், தின்னாலும் கூட இருக்க வேண்டிய டசாட்டினிப் அதுல இல்ல. டசாட்டினிப்போ ரத்த அணுக்களைக் குறைக்கும், நுரையீரலைச் சுத்தி நீர் கோர்க்க வைக்கும், தானா வாங்கி சாப்பிடற மருந்தே கிடையாது.

மெட்ஃபார்மின் இளமை மாத்திரையா

மெட்ஃபார்மின் சாஸ்ப் சிக்னல்களைக் கொஞ்சம் அடக்குதுன்னு செல் அளவுல ஆய்வு இருக்கு. 2014ல பிரிட்டன்ல ஒரு பெரிய தரவு அலசல்ல மெட்ஃபார்மின் சாப்பிடற சுகர்காரங்க, சுகரே இல்லாதவங்களை விட கொஞ்சம் அதிக நாள் இருந்ததா வந்துச்சு, கிளர்ச்சியே அங்கிருந்து தான். பின்னாடி டென்மார்க் தரவுல பார்த்தப்போ அப்படி எதுவும் தெரியல. நேரடியா சோதிச்சுடலாம்னு நியூயார்க்ல நீர் பார்ஸிலாய் 65ல இருந்து 79 வயசுக்குள்ள சுகர் இல்லாத 3,000 பேரை வச்சு டேம்னு ஒரு ஆய்வுக்குத் திட்டம் போட்டாரு, பேடன்ட் முடிஞ்ச மலிவு மாத்திரைக்கு எந்த கம்பெனி காசு போடும், வருஷக்கணக்கா பணம் திரட்டறதுலயே இழுத்துச்சு. 2019ல இன்னொரு சோதனையில, எடை தூக்கி உடற்பயிற்சி பண்ற வயசானவங்களுக்கு மெட்ஃபார்மின் குடுத்தா தசை வளர்றது குறையுதுன்னு வந்துச்சு. சுகர் இருக்கறவங்களுக்கு அது நல்ல, பழகின, மலிவான மருந்து, சாப்பிடறவங்க இதைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க. சுகர் இல்லாதவங்க இளமைக்காக சாப்பிட காரணம் இல்ல.

இப்போதைக்கு சோதிச்சுப் பார்த்து நின்னது

சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006ல வெளியிட்ட இந்தியன் டயபடிஸ் ப்ரிவென்ஷன் புரோகிராம் 531 பேரை மூணு வருஷம் பார்த்துச்சு, எல்லாரும் சுகருக்கு முந்தின நிலைமைல இருந்தவங்க. நடை, சாப்பாட்டு மாத்தம் மட்டும் பண்ண குழுவுக்கு சுகர் வர்ற ஆபத்து 28.5% குறைஞ்சுது, மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவங்களுக்கு 26.4%, ரெண்டும் சேர்த்தவங்களுக்கு 28.2%. அதாவது நடையும் மாத்திரையும் ஏறக்குறைய ஒண்ணு, சேர்த்தாலும் கூடல. 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) இண்டியாப் ஆய்வுக் கணக்குப்படி நாட்டுல சுகர் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு, அதுக்கு முந்தின நிலைமைல 13 கோடியே 60 லட்சம் பேரு. கை வைக்க இன்னும் நேரம் இருக்கற கூட்டம் இந்த ரெண்டாவது கூட்டம் தான்.

டெஸ்ட் விஷயத்துக்கு வருவோம். உடம்புல எத்தனை செனசன்ட் செல் இருக்குன்னு எண்ணிச் சொல்லி அதை வச்சு வைத்தியம் பண்ற அளவுக்கு ஒரு டெஸ்ட் இன்னிக்கு இல்ல. விளம்பரத்துல வர்ற டெலோமியர் டெஸ்ட் வெள்ளையணுவைத் தான் அளக்குது, உங்க பீட்டா செல்லோ கிட்னியோ என்ன நிலைமைல இருக்குன்னு அது சொல்லாது, வர்ற நம்பரைப் பார்த்து டாக்டர் மாத்திரையை மாத்தப் போறதும் இல்ல. அந்த காசுக்கு ஹெச்பிஏ1சி, யூரின்ல ஆல்புமின், வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரை போட்டோ, கால்ல உணர்ச்சி இருக்கான்னு ஒரு பரிசோதனை, இது நாலும் பண்ணிடலாம். ஹெச்பிஏ1சில ஒரு எச்சரிக்கை: அது சிவப்பணு எத்தனை நாள் உயிரோட சுத்துதுங்கறதைப் பொறுத்தது, இரும்புச்சத்து குறைவா இருந்தா சுகர் ஏறாமலே நம்பர் ஏத்திக் காட்டலாம், சமீபத்துல ரத்தம் போயிருந்தா இறக்கிக் காட்டலாம். அதனால ரத்தசோகை இருக்கறவங்க அந்த ஒரு நம்பரை மட்டும் வச்சு முடிவு பண்ணாம ஃபாஸ்டிங்கும் சாப்பிட்ட ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கறதும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.